பெயர் கேட்டால் ‘எங்கள் வழக்கு’: எல்வாவில் நான்கு நாட்கள்

இத்தாலிய ஆல்ப்ஸ் மலையூரான எல்வாவுக்கு ஏறும் பழைய சாலை 2014ஆம் ஆண்டு முதல் மூடப்பட்டிருக்கிறது என்ற செய்தி என் கைபேசியின் வரைபடத்தை எட்டியிருக்கவில்லை. மைரா ஆற்றை ஒட்டி மேலேறிக்கொண்டிருந்த எங்கள் காரை அது பள்ளத்தாக்கின் ஓர் இடுக்குக்குள் திருப்பிவிட்டது. சற்று தூரத்தில் சாலைக்குக் குறுக்கே தடுப்பும், கல் சரியும் என்ற எச்சரிக்கைப் பலகையும் நின்றன. தடுப்புக்கு அப்பால், செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கங்களின் வழியே ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் தார்ச்சாலை நெளிந்து மறைந்தது. காரை ஓட்டிய தோழி தூரின் (Turin) நகரப் பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை பார்ப்பவள். அந்த நகரம் இருக்கும் பியட்மாண்ட் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் எல்வாவுக்கு அவளும் வந்ததில்லை. ஒன்றும் பேசாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். ஸ்த்ரொப்போ என்ற ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஒரு கணவாயைத் தாண்டி இறங்கியபோது மாலையாகிவிட்டது.

எல்வா வடமேற்கு இத்தாலியின் கூனியோ மாகாணத்தில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 1,637 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர் என்று சொன்னாலும் ஒரே இடத்தில் திரண்ட ஊரல்ல. சரிவெங்கும் ஐந்தாறு வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் தொகுப்பு அது. தேவாலயமும் ஊராட்சி அலுவலகமும் இருக்கும் செர்ரே என்ற பகுதியைத்தான் வெளியார் எல்வா என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுவர்கள் கருங்கல், தூண்களும் உத்திரங்களும் லார்ச் மரம், கூரையில் ஓட்டுக்குப் பதிலாகக் கனத்த கற்பலகைகள். ஊருக்கு மேலே பெல்வோ தெல்வா சிகரம் 3,064 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். இன்று பதிவேட்டில் இருப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பனிக்காலம் முழுவதும் இங்கேயே தங்குபவர்கள் அதிலும் ஒரு பகுதிதான்.

நாங்கள் போனது ஆகஸ்ட் நடுவில். ஊர்த் தேவாலயம் மாதாவின் விண்ணேற்புக்கு உரியது என்பதால் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி, கீழே நகரங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பூட்டிய வீடுகளைத் திறக்க வருவார்கள். எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்கார அம்மையாருக்கு எண்பதை நெருங்கும் வயது. நான் இத்தாலிய வழக்கப்படி ‘சிஞ்ஞோரா’ என்று அழைத்தேன். இரண்டாம் முறையே தடுத்து, ‘மாஞ்ஞோ’ என்று கூப்பிடச் சொன்னார். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். உறவில்லாத மூத்த பெண்களையும் மரியாதைக்காக அப்படியே அழைப்பார்கள். மூத்த ஆண்களுக்கு ‘பார்போ’. இத்தாலியில் நான்கு ஆண்டுகள் எல்லோரையும் பெயர் சொல்லியோ பட்டம் சொல்லியோ அழைத்துக் களைத்திருந்த எனக்கு, ஓர் உறவுப்பெயரை வாயில் வைத்துக்கொள்வது எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதை என் தோழிக்கு விளக்க முடியவில்லை.

மாஞ்ஞோ அடுப்படியில் தன் தங்கையிடம் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. இத்தாலியம் இல்லை, தூரின் சந்தைகளில் காதில் விழும் பியட்மாண்ட் மொழியும் இல்லை. தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன் என்றாலும், வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காக, ‘நீங்கள் பேசுவது ஒக்சிதான் தானே?’ என்றேன். மாஞ்ஞோ கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: ‘ஒக்சிதான் என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் பேசுவது ஆ நொஸ்தோ மோதோ.’

அதன் நேர்ப்பொருள் ‘எங்கள் முறையில்’, ‘எங்கள் வழக்கில்’ என்பது. இந்தப் பள்ளத்தாக்குகளில் முதியவர்கள் தங்கள் மொழிக்குச் சொல்லும் பெயர் இதுதான். இலக்கிய வரலாறு அறிந்தவர்களுக்கு ஒக்சிதான் சிறிய மொழியல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘திருபதூர்’ (troubadour) என்று அழைக்கப்பட்ட கவிஞர்கள் காதலைப் பாடிய மொழி அது. ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் சொல்லை வைத்து ‘ஒக்’ மொழி, ‘ஓயில்’ மொழி, ‘சி’ மொழி என்று இத்தாலியக் கவி தாந்தே பிரித்தாரே, அந்த ‘ஒக்’ இதுதான். தென் பிரான்ஸின் பெரும்பகுதியில் பரவி, ஸ்பெயினின் ஆரான் பள்ளத்தாக்கில் ஆட்சிமொழியாகி, கிழக்கே ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியின் பத்துப் பன்னிரண்டு பள்ளத்தாக்குகளில் வந்து முடிகிறது. ஆனால் அந்தப் பெரிய குடும்பத்தின் பெயர் மலைக்குள் வந்தது மிகப் பிந்தித்தான். 1960களில், பிரான்ஸிலிருந்து வந்து பக்கத்து வராய்தா பள்ளத்தாக்கின் ஃப்ராஸ்ஸீனோவில் குடியேறிய ஃபிரான்சுவா ஃபோந்தான் போன்ற செயல்பாட்டாளர்கள் வீடு வீடாகச் சென்று, நீங்கள் பேசுவது கொச்சை அல்ல, ஒக்சிதான் என்று சொன்ன பிறகே அந்தச் சொல் இங்கே புழங்கத் தொடங்கியது. அதற்கு முன் பள்ளிக்கூடம் இதற்கு வைத்திருந்த பெயர் ‘பத்துவா’, அதாவது பட்டிக்காட்டுப் பேச்சு.

‘நொஸ்தோ’ என்பதைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். ‘எங்கள் வழக்கு’ என்பதா, ‘நம் வழக்கு’ என்பதா? இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் கேட்பவரைச் சேர்த்துச் சொல்வதற்கும் விலக்கிச் சொல்வதற்கும் அங்கே ஒரே சொல்தான். தமிழோ முடிவெடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. மாஞ்ஞோ என்னிடம் சொன்னது ‘எங்கள்’ தான். அதே மாலையில், கணவாய்க்கு அப்பால் வராய்தா பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு பார்போவிடம் அவர் அதே தொடரைச் சொன்னபோது அது சந்தேகமில்லாமல் ‘நம்’. அவர் பேச்சுக்கும் இவர் பேச்சுக்கும் உயிரொலிகள் வேறு, சில வினைமுற்றுகள் வேறு; அதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். தூரினிலேயே பிறந்த தன் பேரனை மாஞ்ஞோ எந்தப் பக்கம் வைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

ஆல்ப்ஸ் பகுதி ஒக்சிதானின் அடையாளம் ஒன்றைக் காதாலேயே பிடித்துவிடலாம். லத்தீனின் ‘க’ ஒலி அகரத்துக்கு முன் வரும்போது இங்கே ‘ச்ச’ ஆகத் திரும்புகிறது. ஆடு இத்தாலியத்தில் ‘காப்ரா’, தென் பிரான்ஸின் துலூஸ் நகரப் பக்கத்து ஒக்சிதானில் ‘காப்ரோ’, இங்கே ‘ச்சாப்ரோ’. பாடுவது அங்கே ‘காந்தார்’, இங்கே ‘ச்சாந்தார்’. கன்னடத்தில் ‘கிவி’யாக நிற்பது தமிழில் ‘செவி’ ஆனதைப் படித்தவர்களுக்கு இந்தத் திருப்பம் அந்நியமாகப் படாது. நம்மிடம் அது இகர எகரங்களுக்கு முன் நடந்தது, அவர்களிடம் அகரத்துக்கு முன், அவ்வளவுதான் வேறுபாடு.

1999இல் இயற்றப்பட்ட 482ஆம் எண் சட்டம் இத்தாலியின் பன்னிரண்டு வரலாற்றுச் சிறுபான்மை மொழிகளில் ஒன்றாக ஒக்சிதானை ஏற்றுக்கொண்டது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் இருமொழியில் வந்தன, ஒக்சிதான் அடையாளமான துலூஸ் சிலுவை பொறித்த சிவப்புக் கொடிகள் ஏறின. சட்டத்தில் ஒரு விசித்திரமும் இருக்கிறது: வாக்காளர்களில் 15 விழுக்காட்டினரோ ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கோரினால், அந்த ஊரைச் சிறுபான்மை மொழிப் பகுதியாக அறிவிக்கும் நடைமுறை தொடங்கிவிடும். உண்மையில் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அதனால் ஒக்சிதான் ஒருபோதும் பேசப்படாத சில ஊர்களும் மானியத்துக்காகப் பட்டியலில் சேர்ந்துகொண்டன என்று மொழியியலாளர்கள் குறைகூறி வருகிறார்கள். அந்தக் குறை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். எழுத்துமுறையில் வேறொரு பிணக்கு. சொல்லின் ஈற்றில் வாய் ‘ஓ’ என்கிறது. பழைய இலக்கிய மரபைப் பின்பற்றும் எழுத்துமுறையோ அங்கே ‘ஆ’ எழுதச் சொல்கிறது. பலகையைப் பார்த்துவிட்டு, ‘இது யாருடைய ஊர்?’ என்று மாஞ்ஞோவின் தங்கை கேட்பாராம்.

மறுநாள் காலை அருங்காட்சியகம் போனோம். எல்வாவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்று சொல்லலாம். சூரியக் கடிகாரம் வரைந்த ஒரு பழைய வீட்டில் அமைந்திருக்கும் அதன் பெயர் ‘மியூசியோ தி பெல்ஸ்’. பெல்ஸ் என்றால் முடி, தலைமுடி.

மலையில் நிலம் பனிக்கு அடியில் கிடக்கும் மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்கள் பிழைப்புக்குக் கீழே இறங்குவது பழைய வழக்கம். ஒவ்வொரு ஊரும் ஒரு தொழிலைப் பிடித்து வைத்திருந்தது. சற்றுக் கீழே இருக்கும் செல்லே மாக்ரா பக்கத்து ஆண்கள் உப்பிட்ட நெத்திலி மீனைத் தள்ளுவண்டியில் ஏற்றி வடஇத்தாலி முழுக்க விற்றார்கள்; கடலே தெரியாத மலைக்காரர்கள் மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது தனிக் கதை. எல்வாக்காரர்கள் முடி வாங்கப் போனார்கள். பியட்மாண்ட் மொழியில் அவர்களுக்குப் பெயர் ‘கவியே’. தமிழில் எழுதினால் யாரோ ஒரு புலவரை விளிப்பது போல இருக்கிறது. இலையுதிர் காலத்தில் புறப்பட்டு வடகிழக்கு இத்தாலியின் வெனேத்தோ, ஃப்ரியூலி சமவெளிகளின் உழவர் வீடுகள்தோறும் நின்று, பெண்களிடம் பேரம் பேசி, பின்னலை அறுத்து எடுத்துக்கொண்டு, ஒரு முழத் துணியோ தலைத்துண்டோ கொஞ்சம் காசோ கொடுப்பார்கள். மாஞ்ஞோவின் தந்தையும் அந்தத் தொழிலில் போனவர். முகத்தைச் சுற்றியுள்ள முடியை விட்டுவிட்டு உள்பக்கம் மட்டும் வெட்டுவாராம். துண்டைக் கட்டிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் யாருக்கும் தெரியாது.

மூட்டை மூட்டையாக வந்து சேரும் முடியோடு இரண்டாம் கட்ட வேலை எல்வாவில் தொடங்கும். இது பெண்களின் பங்கு. அருங்காட்சியகத்தில் அந்த வேலைப் பலகை இருக்கிறது: மேசையில் பொருத்திய மரக்கட்டை, அதில் நெருக்கமாக அறைந்த இரும்புப் பற்கள், நெல் நாற்றைப் போல வரிசை வரிசையாக. கழுவி உலர்த்திய முடிக்கற்றையை அந்தப் பற்களின் மேல் அடித்து இழுத்து, சிக்கெடுத்து, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே புறமாக வரும்படி திருப்பி, நீளவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்துக் கட்டுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அப்படிக் கட்டிய கற்றைகள் கிடக்கின்றன. கட்டிய நூல் பழுத்துவிட்டது, முடி மட்டும் நேற்று அறுத்தது போல மினுங்குகிறது. வெள்ளை முடிக்கு விலை அதிகம், ஏனென்றால் அதற்கு எந்தச் சாயமும் ஏறும். அங்கிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பொய்முடி செய்பவர்களிடம் போகும். போர்களும் மாறிய மோஸ்தரும் செயற்கை இழையும் சேர்ந்து, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு தொழில் படுத்துவிட்டது. இளைஞர்கள் சமவெளித் தொழிற்சாலைகளுக்கு இறங்கினார்கள், இந்த முறை பனி உருகிய பிறகும் திரும்பாமல்.

எனக்கு மூன்று வயதில் பழனியில் மொட்டை போட்டார்கள். அந்த முடி எங்கே போகிறது என்று நான் வளர்ந்த பிறகும் வெகுநாள் யோசித்ததில்லை. பழனியிலும் திருமலையிலும் காணிக்கை முடி ஏலம் விடப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, கப்பலேறுகிறது. இத்தாலியின் கூந்தல் ஒட்டுத் தொழிலுக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. தூரினில் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் அழகு நிலையத்தில் ‘இந்தியக் கோயில் முடி’ என்று எழுதி வைத்திருப்பதை நான் தினமும் கடந்து போகிறேன். எல்வாவின் ஆண்கள் நடந்து நடந்து சேகரித்ததை இப்போது நம் பக்கத்திலிருந்து பெட்டியில் வரவழைக்கிறார்கள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: சீப்பில் வரும் முடியை என் பாட்டி சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைப்பார், சைக்கிளில் வரும் சவுரி முடிக்காரர் அதை நிறுத்து வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார். அதை மாஞ்ஞோவிடம் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. கவியேக்கள் சீப்பு முடியையும் வாங்கினார்கள், ஆனால் மலிவு விலைக்கு, என்றார். வேர் எது நுனி எது என்று பிரிப்பதற்குள் கை விட்டுப்போகுமாம்.

தேவாலயத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் எல்வாவுக்கு வருகிறார்கள். பீடத்துக்குப் பின்சுவர் முழுவதையும் நிரப்பும் சிலுவைப்பாட்டு ஓவியம், சலூட்சோ சிற்றரசரின் அவையில் பணியாற்றிய ஹான்ஸ் கிளெமர், பதினைந்தாம் நூற்றாண்டு முடிந்து பதினாறு தொடங்கும் காலத்தில் வரைந்தது. பெயர் தெரியாத காலத்தில் கலை வரலாற்றாசிரியர்கள் அவரை ‘எல்வாவின் ஆசான்’ என்றே குறித்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஓர் ஓவியருக்கு இவ்வளவு உயரத்தில் ஒரு சுவரைக் கொடுத்த ஊர் அந்நாளில் ஏழையாக இருந்திருக்க முடியாது. ஓவியத்தைப் பற்றி எழுத எனக்குப் படிப்பில்லை. கூட்டமும் குதிரைகளும் நெருக்கியடிக்கும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத சந்துக்குள் இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

பதினைந்தாம் தேதி மாலை சதுக்கத்தில் ஆட்டம். இரண்டே கருவிகள்: ‘செமிதூன்’ என்று இவர்கள் அழைக்கும் பொத்தான் வைத்த சிறிய அக்கார்டியனும், ஒரு கிரோந்தாவும். கிரோந்தாவை மடியில் கிடத்தி, வலக்கையால் பிடியைச் சுழற்றினால், உள்ளிருக்கும் மரச்சக்கரம் தந்திகளை இடைவிடாமல் உரசுகிறது. இடக்கை கட்டைகளை அழுத்தி மெட்டை எடுக்கிறது. இரண்டு தந்திகள் மெட்டோடு சேராமல் ஒரே சுருதியை முழங்கிக்கொண்டே இருக்கும். வாசித்த இளைஞர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் தந்தி சக்கரத்தைத் தொடும் இடத்தில் பஞ்சைச் சுற்றிச் சரிபார்த்தார். பஞ்சு கூடினால் ஒலி மங்கும், குறைந்தால் கிறீச்சிடும்.

முதலில் கூரெந்தோ. இணை இணையாக வட்டத்தில் சில அடி நடந்து, பிறகு எதிரெதிரே திரும்பி ஆடுவது; பாதம் தரையை விட்டு உயர்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறிய, துள்ளலான அடிகள். பார்த்தால் எளிது. முழங்காலில் வைத்திருக்க வேண்டிய அந்தத் துள்ளல் எனக்கு இரவு முழுவதும் வரவில்லை. ஊருக்கு ஊர் அடி மாறும் என்றும், ஆடுவதைப் பார்த்தே எந்தச் சரிவுக்காரர் என்று சொல்லிவிடலாம் என்றும் பார்போ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இளைஞர்கள் துணையை மாற்றிக்கொண்டே போகும் ஒரு வட்ட ஆட்டத்தைக் கேட்டார்கள், சதுக்கமே நிறைந்தது. பார்போ உட்கார்ந்துவிட்டார். அந்த ஆட்டம் நாட்டார் ஆட்டங்கள் மறுபிறவி எடுத்த காலத்தில் வெளியிலிருந்து வந்தது. இன்று ‘ஒக்சிதான் நடனம்’ என்ற பெயரில் வடஇத்தாலி முழுவதும் கற்றுத்தரப்படுவதில் இப்படி வந்தவை பல உண்டு. 1982இல் தொடங்கிய லூ தல்ஃபின் இசைக்குழுவினர் கிரோந்தாவை மின்கிட்டாரோடு மேடையேற்றியபோதும் முதியவர்கள் முகம் சுளித்தார்களாம். ஆனால் அவர்கள் இல்லையென்றால் இன்று இந்த இளைஞரின் மடியில் அந்தக் கருவி இருந்திருக்காது என்பதைப் பார்போவே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் மழை. மாஞ்ஞோ ராவியோலெஸ் செய்தார். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் இளம் பாலாடைக்கட்டியும் முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு, இரண்டு முனையும் கூராகும்படி உள்ளங்கையில் உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து, சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயும் பாலேடும் ஊற்றுவது. இது உண்மையில் வராய்தா பள்ளத்தாக்கின் பண்டம். மாஞ்ஞோவின் தாய் 2,284 மீட்டர் உயரமுள்ள சாம்பேய்ர் கணவாயைத் தாண்டி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், கூடவே இதையும் கொண்டுவந்தார். நான் உருட்டியவை கொழுக்கட்டையைப் போலவே இருந்தன. தனியாக எடுத்து வைத்து எனக்கே பரிமாறினார்கள்.

உண்டு முடித்தபின் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீட்பு நிதியிலிருந்து, ஆளொழிந்த பழைய ஊர்களுக்கு உயிரூட்டும் திட்டத்தில், பியட்மாண்டின் சார்பில் 2022இல் எல்வா தேர்ந்தெடுக்கப்பட்டது. தொகை 2 கோடி யூரோ. நூறு பேர்கூட இல்லாத ஊர். கட்டுமானக் கிரேன்களை வரும் வழியிலேயே பார்த்திருந்தோம். தங்கைக்கு நம்பிக்கை உண்டு: வேலை வரும், வேலை வந்தால் குழந்தைகள் வருவார்கள் என்றார். மாஞ்ஞோ அதற்கு ஒரே கேள்விதான் கேட்டார்: வருபவர்கள் ஜனவரியில் மாட்டுக்கு வைக்கோல் போடுவார்களா? இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள், முதலில் எங்களுக்காக இத்தாலியத்தில், பிறகு எங்களை மறந்து தங்கள் வழக்கில்.

புறப்படும் நாள் காலை, அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். மாஞ்ஞோ ‘நொஸ்த்ராலே’ என்ற அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தவர், நான் சீப்பிலிருந்து எடுத்த முடியைக் குப்பையில் போடப் போனதைப் பார்த்துக் கையை நீட்டினார். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓர் இழையைப் பிரித்து விரலால் நீவி நீளம் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களைச் சுற்றி வளையமாகச் சுருட்டி, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல ஏற்றி இறக்கினார். ‘நீளம் போதும், கறுப்பு நல்ல கறுப்பு’ என்றார். ‘ஆனால் எண்ணெய் தடவுகிறாய். என் அப்பா பாதி விலைதான் கொடுத்திருப்பார்.’